பனியில் சுத்தும் சக்கரமும் ஒரு சின்ன பட்டனும்

கார் டேஷ்போர்டுல ஒரு பட்டன் இருக்கும், பாத்திருப்பீங்க. குட்டியா ஒரு கார் படம், அதுக்குக் கீழ பாம்பு நெளியற மாதிரி ரெண்டு கோடு. சில வண்டியில பக்கத்துல 'ஆஃப்'னு எழுதியிருக்கும். பனி கொட்டுற ஊர்ல வருஷக்கணக்கா வண்டி ஓட்டுற நம்ம மக்கள்லயே நிறைய பேர் அதைத் தொட்டுக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. எதுக்கு வம்பு, கம்பெனிக்காரன் ஏதோ நல்லதுக்குத்தான் வச்சிருப்பான்னு விட்டுடுவோம்.

அது டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்கிற பட்டன். சக்கரம் வழுக்கிச் சுத்தாம பாத்துக்குறதுதான் டிராக்‌ஷன் கண்ட்ரோலோட வேலை. சக்கரம் எங்க அதிகமா வழுக்கும்? பனியில. ஆனா வண்டியோட கையேட்டைப் புரட்டினா, பனியில சிக்கிக்கிட்டா இதை அணைச்சு வைங்கன்னு போட்டிருக்கும். மழைக்குன்னு குடையைக் கொடுத்துட்டு, ஜோரா பெஞ்சா மடக்கி வச்சுடுன்னு சொல்ற மாதிரி இல்ல?

இந்தக் கேள்வி ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்சுது. தோண்டிப் பாத்தா, விஷயம் கிட்டத்தட்ட 200 வருஷம் பின்னாடி போகுது.

1827-ல் பிரான்ஸ்ல ஒனெசிஃபோர் பெக்கேர்னு ஒருத்தர் நீராவி வண்டிக்காக டிஃபரன்ஷியல்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சாரு. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் கம்மியா ஓடணும். மாட்டுவண்டிக்கு இந்தக் கவலையே இல்ல. ஒவ்வொரு சக்கரமும் அச்சுல தனித்தனியா சுத்தும், இழுக்குறது மாடு. எஞ்சின் வந்து சக்கரத்தையே சுத்த ஆரம்பிச்சப்புறம்தான் சிக்கல். ரெண்டு சக்கரத்துக்கும் விசை போகணும், ஆனா ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்தவும் விடணும். டிஃபரன்ஷியல் அதை அழகா செஞ்சுது. இன்னைக்கு வரைக்கும் செய்யுது.

ஆனா அதுக்குள்ள ஒரு குறை ஒளிஞ்சிருக்கு. அது ரெண்டு சக்கரத்துக்கும் விசையைச் சரிசமமாத்தான் பிரிக்கும். ஒரு சக்கரம் பனிக்கட்டி மேல நின்னா அதைச் சுத்த ரொம்பக் கம்மி விசையே போதும். அப்போ நல்ல தரையில நிக்கிற இன்னொரு சக்கரத்துக்கும் அதே கொஞ்சூண்டு விசைதான் கிடைக்கும். சோம்பேறிக்கு என்ன கூலியோ அதேதான் உழைப்பாளிக்கும்ங்கற கதை! ஒரு சக்கரம் விர்ர்ர்னு சுத்தும், இன்னொண்ணு சிவனேன்னு நிக்கும், வண்டி ஒரு இஞ்ச் நகராது.

முதல்ல மனுஷன் இதுக்குத் தரைப்பக்கமா வழி தேடினான். 1904-ல் அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்துல கனஸ்டோட்டாங்கற ஊரைச் சேர்ந்த ஹாரி வீட், டயர்ல மாட்டுற சங்கிலிக்குக் காப்புரிமை வாங்கினாரு. சேறு, பனியில சிக்காம இருக்க ஜனங்க டயரைச் சுத்திக் கயிறு கட்டுறதைப் பாத்துட்டுத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்துச்சாம். நம்மூர்ல சேத்துல மாட்டின வண்டிக்கு அடியில சாக்குப் போடுறோமே, அதோட அண்ணன்னு வச்சுக்கலாம்.

1934-ல் ஃபின்லாந்துல பனிக்குன்னே ஒரு லாரி டயர் வந்துச்சு. 1936-ல் காருக்கான 'ஹக்காபெலிட்டா' டயர். செஞ்ச தொழிற்சாலை இருந்த ஊர் பேரு என்ன தெரியுமா? நோக்கியா! ஆமாங்க, அதே நோக்கியாதான். அந்த ரப்பர் கம்பெனியும் கேபிள் கம்பெனியும் காகிதக் கம்பெனியும் 1967-ல் ஒண்ணா சேந்துதான், பின்னாடி நம்ம கையில செங்கல் மாதிரி போனைக் கொடுத்த நிறுவனம் ஆச்சு. :-)

இன்னொரு பக்கம் டிஃபரன்ஷியலோட குறையையே சரி பண்ணப் பாத்தாங்க. 1930-கள்ல ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைச்ச ஆட்டோ யூனியன் பந்தயக் காருக்கு அவ்வளவு சக்தி, பின்சக்கரம் ஒண்ணு சும்மாவே வழுக்கிச் சுத்தும். அதுக்காக 1935-ல் ஸெட்.எஃப். கம்பெனிகிட்ட சொல்லி, ஒரு சக்கரம் மட்டும் தனியா ஓடிடாம இழுத்துப் பிடிக்கிற டிஃபரன்ஷியலைச் செய்ய வச்சாங்க. 1956-ல் அது அமெரிக்காவுல ஸ்டூட்பேக்கர், பேக்கார்டு கார்கள்ல சாதாரண ஜனங்களுக்கும் கிடைச்சுது.

இதுவரைக்கும் எல்லாமே இரும்பும் ரப்பரும். எந்த அளவுக்கு வழுக்க விடலாம்னு முடிவு பண்ணினது ஓட்டுறவரோட வலது கால்தான். அந்த முடிவை முதல்ல கையில எடுத்தது 1971-ல் அமெரிக்காவுல ப்யூக் கார்கள்ல வந்த 'மேக்ஸ்ட்ராக்'. முன்சக்கரம் எவ்வளவு வேகமா சுத்துது, பின்சக்கரத்துக்குப் போற தண்டு எவ்வளவு வேகமா சுத்துதுன்னு ஒரு சின்ன எலக்ட்ரானிக் பொட்டி ஒப்பிட்டுப் பாக்கும். வித்தியாசம் ஜாஸ்தியானா எஞ்சினோட தீப்பொறியை ஒரு நொடி நிறுத்தி நிறுத்தி விடும். அந்தக் காலத்துல பெரிய விஷயம்தான். ஆனா சில வருஷத்துலயே காணாமப் போச்சு.

அப்புறம் வந்தது 1978. பிப்ரவரி 6, 7 தேதிகள்ல அமெரிக்காவோட வடகிழக்குப் பக்கம் ஒரு பனிப்புயல் அடிச்சுது. பாஸ்டனைச் சுத்திப் போற 128-ம் எண் சாலையில மட்டும் 3,000-க்கும் மேல கார், சுமார் 500 லாரி அப்படியே புதைஞ்சு நின்னுச்சு. குளிருக்கு எஞ்சினை ஓட விட்டு உள்ளயே உக்காந்திருந்தவங்கள்ல 14 பேர் செத்துப் போனாங்க. குளிரால இல்லீங்க. பின்னாடி சைலன்சர் குழாயைப் பனி மூடிடுச்சு, கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளயே வந்துடுச்சு. அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. பனியில வண்டி சிக்குறதை வெறும் எரிச்சலான விஷயமா நினைக்கிறவங்க இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கணும்.

அதே 1978-ல்தான் ஜெர்மனியில பாஷ் கம்பெனியோட ஏபிஎஸ் பிரேக் மெர்சிடிஸ் கார்ல வந்துச்சு. இதுக்கும் நம்ம கதைக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கு. ஏபிஎஸ்-க்காக ஒவ்வொரு சக்கரத்துலயும் வேகம் பாக்குற சென்சார் வச்சாங்க. பிரேக் போடும்போது எந்தச் சக்கரம் பூட்டிக்குதோ அதோட பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அதே சென்சாரை வச்சு இதைத் தலைகீழா செஞ்சா என்ன? வழுக்கிச் சுத்துற சக்கரத்துக்கு மட்டும் கம்ப்யூட்டரே பிரேக் போடட்டும், எஞ்சினையும் கொஞ்சம் அடக்கட்டும். வால்வோ 1985-ல் ஒரு மாதிரியில எலக்ட்ரானிக் டிராக்‌ஷன் கண்ட்ரோலைக் கொண்டு வந்தாங்க. 1986-ல் பாஷ் கம்பெனியோடது வந்துச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. சோம்பேறிச் சக்கரத்தைப் பிரேக் போட்டு அழுத்தினா, டிஃபரன்ஷியல் அதைச் சுத்த அதிக விசை கொடுக்க வேண்டியிருக்கும். சரிசமமாப் பிரிக்கணுமே, அதனால அந்தப் பக்கம் சும்மா நின்ன நல்ல சக்கரத்துக்கும் அதே அதிக விசை போயிடும். பெக்கேர் கண்டுபிடிச்ச சாதனத்தோட குறையை, அதோட குணத்தை வச்சே ஏமாத்திட்டாங்க பாருங்க!

அடுத்த படி ஸ்வீடன்ல, பனியிலயேதான் நடந்துச்சு. 1989 பிப்ரவரியில ஃப்ராங்க் வெர்னர் மோன்னு ஒரு மெர்சிடிஸ் இளம் எஞ்சினியர் சோதனைக்காக ஓட்டிட்டுப் போன கார் பனிச்சாலையில வழுக்கி ஓரப் பள்ளத்துல போய் நின்னுது. இழுக்குற வண்டி வர வரைக்கும் சும்மா உக்காந்திருந்த நேரத்துல அவருக்கு ஒரு யோசனை. சக்கரம் வழுக்குறதை மட்டும் பாக்காம, வண்டியே பம்பரம் மாதிரி சுத்த ஆரம்பிக்குதான்னு கண்டுபிடிச்சா? முதல் சோதனைக்கு அவர் பொம்மை ஹெலிகாப்டர்ல இருந்த சுழல்மானியைப் பிடுங்கி மாட்டினாரு! பாஷ் கம்பெனியில ஆன்டன் வான் ஸான்டன் தலைமையில ஒரு குழுவும் இதே வேலையில இருந்துச்சு. ரெண்டு தரப்பும் சேந்து 1995-ல் ஈஎஸ்பி-யை மெர்சிடிஸ் எஸ் 600 கூப்பேல கொண்டு வந்தாங்க. 2016-ல் வான் ஸான்டனுக்கு ஐரோப்பிய கண்டுபிடிப்பாளர் விருதுல வாழ்நாள் சாதனைக்கான பரிசு கிடைச்சுது.

அப்பவும் இது பணக்காரங்க சமாச்சாரமாத்தான் இருந்துச்சு. மாத்தினது ஒரு மானம் போன கதை. 1997 அக்டோபர்ல ஸ்வீடன் பத்திரிகை ஒண்ணு, ரோட்ல திடீர்னு மான் குறுக்க வந்தா ஒடிக்கிற மாதிரி ஒரு சோதனை செஞ்சுது. மெர்சிடிஸோட புத்தம்புது குட்டிக் கார் ஏ-க்ளாஸ் அதுல குப்புறக் கவுந்துடுச்சு. உலகமே சிரிச்சுது. கம்பெனி விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாத்தி, எல்லா ஏ-க்ளாஸ்லயும் ஈஎஸ்பி-யைச் சேத்துக் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் சின்னக் கார்லயும் இது இருக்கணும்ங்கற எதிர்பார்ப்பு வந்துடுச்சு.

இது உயிரைக் காப்பாத்துதாங்கறதுல சந்தேகமே வேண்டாம். இதனால உயிர் போற விபத்துக்கான வாய்ப்பு 43 சதவீதம் குறையுதுன்னு 2006-ல் அமெரிக்காவோட நெடுஞ்சாலைப் பாதுகாப்பு காப்பீட்டு நிறுவனம் கணக்கு சொல்லுச்சு. அமெரிக்கா, கனடா ரெண்டுலயும் 2011 செப்டம்பர்லேந்து புதுக் கார்ல இது கட்டாயம். ஐரோப்பாவுல எல்லாப் புதுக் காருக்கும் 2014 நவம்பர்லேந்து.

நடுவுல ஒரு வேடிக்கை. ஃபார்முலா ஒன் பந்தயத்துல டிராக்‌ஷன் கண்ட்ரோலை 1994-ல் தடை பண்ணினாங்க. யார் திருட்டுத்தனமா வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிக்க முடியாம 2001-ல் திரும்ப அனுமதிச்சாங்க. 2008-ல் எல்லாருக்கும் ஒரே கம்ப்யூட்டர் பொட்டியைக் கொடுத்து மறுபடி தடை. காலு முடிவு பண்ணணுமா, பொட்டி முடிவு பண்ணணுமாங்கற சண்டை அங்கயும் இருந்திருக்கு.

சரி, இவ்வளவு நல்ல சாமானை ஏன் அணைக்கச் சொல்றாங்க?

கெட்டியான தரையில, அழுத்தி இறுகின பனியிலகூட, சக்கரம் லேசா வழுக்கும்போதுதான் பிடிப்பு அதிகம். அதைத் தாண்டினா பிடிப்பு குறையும். வழுக்கினா அடக்குங்கற கம்ப்யூட்டரோட பாடம் இந்தத் தரையை நம்பி எழுதினது. அரை அடி ஆழத்துக்கு இளம்பனியில சிக்கின சக்கரத்தோட நிலைமை வேற. அது கொஞ்சம் வேகமா சுத்தினாத்தான் டயர் பள்ளத்துல அப்பின பனி சிதறிப் போகும், அடியில இருக்குற தரையைத் தொடும். முன்ன பின்ன ஆட்டி ஆட்டி எடுக்கவும் அந்த வேகம் வேணும். அந்த நேரத்துல பொட்டி "ஐயோ வழுக்குது"ன்னு எஞ்சினை நெரிச்சுடும். நீங்க ஆக்சிலேட்டரை மிதிப்பீங்க, மஞ்சள் விளக்கு கண்ணடிக்கும், வண்டி முக்கும், நகராது. பொட்டியைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அதுக்குத் தெரிஞ்சது சக்கரத்தோட வேகம். வெளியில எவ்வளவு ஆழம் பனி கிடக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

அதுக்குத்தான் அந்தப் பட்டன். பொட்டிக்குத் தெரியாதது ஓட்டுறவருக்குத் தெரியற அந்த ரெண்டு நிமிஷத்துக்கு மட்டும். இதுல அமெரிக்கச் சட்டம் பண்ணின வேலையைப் பாருங்க. அணைக்கிற பட்டன் வச்சுக்கலாம், ஆனா எஞ்சினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா ஈஎஸ்பி தானா உயிரோட வந்துடணும்னு எழுதிட்டாங்க. மனுஷனுக்கு மறதி ஜாஸ்தின்னு அனுபவிச்சு எழுதியிருக்காங்க!

2004-ல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-ல் இன்னொரு வழி கொடுத்தாங்க. பனி, மணல், சேறுன்னு ஒரு குமிழைத் திருப்பி ஓட்டுறவரே சொல்லிடலாம், அதுக்கேத்த மாதிரி பொட்டி வழுக்க விடும். இப்போ நிறைய கார்ல 'ஸ்நோ மோட்' இருக்கு. எலக்ட்ரிக் கார்ல மோட்டாரையே நேரடியா, ரொம்ப வேகமா அடக்க முடியறதால இன்னும் நுணுக்கமா செய்யுது. ஆனாலும் பட்டன் போகல.

இந்த வரலாறெல்லாம் மறந்தாலும் பரவாயில்ல, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பனிச்சாலையில ஓடிக்கிட்டு இருக்கும்போது டிராக்‌ஷன் கண்ட்ரோல் எப்பவும் உயிரோட இருக்கட்டும். சிக்கிக்கிட்டா முதல்ல இறங்கிப் போய் சைலன்சர் குழாயைச் சுத்தி இருக்குற பனியைத் தள்ளுங்க. அப்புறம் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் தோண்டுங்க, மணல் இருந்தா தூவுங்க. அதுக்கப்புறம் பட்டன். மெதுவா முன்ன, பின்ன ஆட்டுங்க. ரொம்ப நேரம் உறும விட்டா கியர்பாக்ஸ் சூடாகும், சக்கரம் இன்னும் குழி தோண்டும். வெளிய வந்த அடுத்த நொடி பட்டனைத் திரும்ப அமுக்கிடுங்க.

இன்னொண்ணு, எந்தப் பொட்டியும் இல்லாத பிடிப்பை உண்டாக்காது. இருக்குறதைப் பங்கு போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். பிடிப்பு வர்றது டயர்லேந்து. கனடாவுல கியூபெக் மாகாணம் 2008-ல் குளிர்காலத்துக்குப் பனி டயரைக் கட்டாயமாக்கினதும் அதனாலதான்.

டிஸ்கி: வண்டிக்கு வண்டி இந்தப் பட்டன் வேற மாதிரி வேலை செய்யும். சிலதுல ஒரு தட்டு தட்டினா டிராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டும் அணையும், அமுக்கியே பிடிச்சா ஈஎஸ்பி-யும் சேந்து போயிடும். பனி விழறதுக்கு முன்னாடி கையேட்டுல அந்த ஒரு பக்கத்தைப் படிச்சு வச்சுடுங்க மக்கா.