ஒளியால் அளந்த நொதியம்

1869ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து வந்தார். அவ்வாண்டிலேதான், ஜெர்மனியின் தூபிங்கன் நகரில் பிரீட்ரிக் மீஷர் என்பார், சீழ் படிந்த கட்டுத்துணிகளை அலசி, உயிரணுக் கருவினுள் எவரும் அறியாதிருந்த பொருளொன்றைக் கண்டார். பின்னாளில் நியூக்கிளிக்கமிலம் எனப் பெயர்பெற்றது அதுவே. அத்தகைய துணிகள் மானிப்பாயிலும் கழிக்கப்பட்டிருக்கும். ஆயின் அங்கு முதற்பணி நோயாளரைக் காப்பதாயிருந்தது. கிறீன் 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ்ப்பணியை விட்டாரல்லர். அவரது 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இல் அச்சேறிற்று. யாழ்ப்பாணத்தில் மொழி முந்திக்கொண்டது, கருவி பிந்திற்று.

நியூக்கிளிக்கமிலத்தை வெட்டவும் பெருக்கவும் வல்லவை நொதியங்கள். கண்ணுக்குப் புலப்படாத அத்தொழிலை அளப்பது எங்ஙனம்? 1950இல் மோசஸ் குனிற்ஸ் ஓர் எளிய வழி காட்டினார். டீ.என்.ஏ. 260 நானோமீற்றர் அலைநீளத்தை அண்டிய புறவூதா ஒளியை விழுங்கும். இழை துண்டுபடத் துண்டுபட, அடுக்காய்ச் செறிந்திருந்த மூலங்கள் தளர்ந்து முன்னினும் மிகுதியாக விழுங்கும். அம்மிகுதி ஏறும் விரைவே நொதியத்தின் வேகத்துக்கு அளவு. சாதாரண கண்ணாடி இவ்வொளியை மறிக்குமாதலின் கரைசலைக் குவாட்சுக் கலத்தில் இடுதல் வேண்டும்.

வெந்நீரூற்றுப் பற்றீரியமொன்றின் 'தாக்' நொதியம், டீ.என்.ஏ.யைப் படியெடுத்துச் செல்கையில், வழியில் ஒட்டியுள்ள சிற்றிழையை வெட்டித் தள்ளும். இதனைக்கொண்டு மரபுப்பொருளைக் கண்டறியலாம் என்பது 1991இல் காட்டப்பட்டது. அச்சிற்றிழையின் ஒரு முனையில் ஒளிரும் சாயத்தையும், மறுமுனையில் அவ்வொளியை அவிக்கும் பொருளையும் கட்டிவைத்தால், வெட்டு விழுந்ததும் சாயம் விடுபட்டு ஒளிரும். ஒளி எழுந்தால், தேடிய மரபுப்பொருள் மாதிரியில் உண்டு.

2020 மார்ச்சில் கொரோனா நோய் யாழ்ப்பாணத்தில் அறியப்பட்டபோது இதன் அருமை வீடுதோறும் விளங்கிற்று. மாதிரிகளைத் தூரத்து ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிக் காத்திருந்த ஒவ்வொரு நாளும் நோய்க்குக் கிடைத்த நாளாகும். 1990இன் பின் நெடுங்காலம் நாட்டின் மின்வலையமைப்பினின்றும் துண்டிக்கப்பட்டிருந்த குடாநாடு அது. நொதியங்களோ குளிரூட்டியின்றி நிலைத்திரா. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் யாழ் போதனா வைத்தியசாலையிலும் இச்சோதனை தொடங்கிற்று.

வைரசின் ஆர்.என்.ஏ. முதலில் டீ.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படும், பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இருமடங்காகும். எத்தனையாவது சுற்றில் ஒளி வரம்பைக் கடக்கின்றது எனப் பொறி குறிக்கும். 20ஆம் சுற்றிற் கடந்த மாதிரியில், 30ஆம் சுற்றிற் கடந்ததனினும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வைரசுப் பொருள் இருந்திருக்கும். மிகப் பிந்தி மங்கலாய் எழும் ஒளியை என்செய்வது என்பதைப் பொறி சொல்லாது. அதனை மறுமுறை சோதித்துத் துணிபவர் ஆய்வுகூடத்தவரே.