உறங்கும் கணக்குகள்: டிஜிட்டல் விளையாட்டுகளும் உடைமையும்

1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாப்ஸ்-மெரில் பதிப்பகம் ஹாலி எர்மினி ரைவ்ஸ் எழுதிய 'த காஸ்ட்அவே' என்ற நாவலை வெளியிட்டது. நூலின் முன்பக்கங்களில், பதிப்புரிமை அறிவிப்பின் கீழ், ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. நூலின் விலை ஒரு டாலர். அதற்குக் குறைவாக விற்க எந்த வணிகருக்கும் உரிமம் இல்லை. அப்படி விற்பது பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும். நியூயார்க்கின் மேஸீஸ் அங்காடி இதைச் சற்றும் பொருட்படுத்தாமல் நாவலை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1908இல் அங்காடியின் பக்கம் தீர்ப்பாயிற்று. பிரதியெடுத்து விற்கும் உரிமை பதிப்பாளருக்கு உண்டு. ஆனால் விற்றுக் கைமாறிய பிரதி அதன்பின் எப்படி வாழ வேண்டும் என்று விதிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். இதுவே பின்னாளில் 'முதல் விற்பனைக் கோட்பாடு' என்று பெயர்பெற்றது.

பழைய புத்தகக் கடை, வாடகை நூலகம், நண்பருக்கு இரவல், பேரனுக்கு விட்டுச்செல்லும் அலமாரி ஆகிய எல்லாவற்றுக்கும் இக்கோட்பாடே சட்டத்தின் நிழல். இதில் பலரும் கவனிக்காத ஒரு சலுகையும் அடங்கியிருக்கிறது. வாங்கிய பொருளை மறந்துவிடும் உரிமைதான் அது. இருபது ஆண்டுகள் திறக்கப்படாமல் பரணில் கிடந்தாலும் புத்தகம் நம்முடையதே. இன்னும் அதை விரும்புகிறோம் என்று பதிப்பகத்துக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுத வேண்டியதில்லை. கணினி விளையாட்டுகள் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜிலும் குறுந்தகட்டிலும் விற்கப்பட்ட காலம்வரை அவற்றுக்கும் இதே நிலைதான் இருந்தது.

இந்த நிலை எப்படி மாறியது என்று பார்ப்போம். தொடக்கம் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1983இல் கன்ட்ரோல் வீடியோ கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனம், அட்டாரி 2600 கருவியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து விளையாட்டுகளைத் தரவிறக்கும் 'கேம்லைன்' சேவையைத் தொடங்கியது. பணம் கட்டினால் விளையாட்டு வந்திறங்கும். குறிப்பிட்ட சில தடவை ஆடியபின் மறைந்துவிடும். மறுபடி ஆட மறுபடி பணம். சேவை வணிகரீதியில் தோற்றது. அந்நிறுவனத்தின் எச்சத்திலிருந்து 1985இல் பிறந்த நிறுவனம்தான் பின்னர் அமெரிக்கா ஆன்லைன் என்று உலகறியப்பட்டது. கேம்லைன் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அது தன்னை விற்பனை என்று அழைத்து எவரையும் மயக்கவில்லை. வாடகை என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஜப்பானில் நின்டெண்டோ 1986இல் வேறொரு வழியைக் கண்டது. கடைகளில் நிறுத்தப்பட்ட ஓர் இயந்திரத்தில் நமது வட்டைச் செருகி 500 யென் கொடுத்தால் பழைய விளையாட்டை அழித்துப் புதியதை எழுதித் தரும். எழுதிய வட்டு நம் கையிலேயே இருக்கும். நாமாக அழிக்கக் கொடுக்கும்வரை அதில் உள்ளது நம்முடையது. இச்சேவையை அந்நிறுவனம் 2003இல் நிறுத்திக்கொண்டது.

அதே 2003ஆம் ஆண்டின் செப்டம்பரில் வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 'ஸ்டீம்' என்னும் இணையச் சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு நவம்பரில் 'ஹாஃப் லைஃப் 2' வெளிவந்தபோதுதான் அதன் உட்பொருள் விளங்கிற்று. கடைக்குப் போய்ப் பெட்டியும் குறுந்தகடும் வாங்கி வந்தவர்களும் இணையத்தில் ஸ்டீம் கணக்கு தொடங்கி அனுமதி பெற்ற பிறகே ஆட முடிந்தது. தகடு கையில் இருந்தது. உரிமையோ எங்கோ ஒரு வழங்கியில் ஒரு பெயருக்கு எதிரே எழுதப்பட்ட வரியாக இருந்தது. வாங்குகிறவரை அந்த நிறுவனத்தின் ஒப்பந்தம் அழைக்கும் சொல் 'சந்தாதாரர்'. விளையாட்டு விற்கப்படுவதில்லை, உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது என்றும், கணக்கை மற்றவருக்கு மாற்றித்தர இயலாது என்றும் அது சொல்கிறது. பின்வந்த அங்காடிகள் பெரும்பாலும் இந்த அமைப்பையே பின்பற்றின.

புத்தகத்தைக் கொடுத்து ஒரு டாலரை வாங்கிக்கொண்டதும் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. கணக்கு முறையில் பணம் கைமாறும் நொடியில்தான் உறவு தொடங்குகிறது, அது முடிவற்றதும்கூட. முடிவற்ற உறவில் மௌனத்துக்கும் ஒரு பொருள் கற்பிக்கப்பட்டுவிடும். அதன் விளைவை மைன்கிராஃப்ட் விளையாட்டின் வரலாறு துலக்கமாகக் காட்டுகிறது.

ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் மைன்கிராஃப்ட்டின் முதல் வடிவத்தை வெளியிட்டார். அடுத்த மாதமே விற்கத் தொடங்கினார். அரைகுறையாக இருந்த விளையாட்டு அது. கனசதுரக் கட்டிகளை அடுக்கி வீடும் கோட்டையும் கட்டலாம், அவ்வளவே. அந்த ஆரம்ப நிலையில் காசு கொடுத்தவர்களுக்கு இனி வரும் எல்லா வடிவங்களும் இலவசம் என்று வாக்களிக்கப்பட்டது. அப்படி நம்பிக் கொடுத்தவர்களின் பணத்தில்தான் விளையாட்டு வளர்ந்தது, மொஜாங் என்ற நிறுவனம் எழுந்தது. 2014இல் மைக்ரோஸாஃப்ட் அந்நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது.

2020ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவிப்பு வந்தது: பழைய மொஜாங் கணக்குகள் அனைத்தும் மைக்ரோஸாஃப்ட் கணக்குகளாக மாற வேண்டும். பாதுகாப்பே காரணம் எனப்பட்டது. மாறியவர்களுக்கு விளையாட்டுக்குள் அணிந்துகொள்ள ஒரு மேலங்கி பரிசு. 2022 மார்ச் 10க்குப் பிறகு மாறாதவர்களால் ஆட முடியவில்லை. 2023 செப்டம்பர் 19 கடைசி நாள். அதன்மேல் மூன்று மாதக் கருணைக் காலமும் தரப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 18க்குப் பின் பழைய கணக்கில் இருந்த விளையாட்டு திரும்பக் கிடைக்காது. வேண்டுமென்றால் புதிதாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

மூன்று ஆண்டு அவகாசம் தாராளமானது என்று வாதிடலாம். தினமும் ஆடுகிறவருக்கு அது தாராளம்தான். பத்து வயதில் பெற்றோர் வாங்கிக் கொடுத்ததை ஆடிவிட்டு, படிப்பு, வேலை, திருமணம் என்று எங்கோ போய்விட்டவருக்கு அந்த அறிவிப்பு எந்த வழியாகப் போய்ச் சேரும்? கணக்கோடு பதியப்பட்ட பழைய மின்னஞ்சல் முகவரிக்குத்தான். அந்த முகவரியே உயிரோடு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. யாஹூ நிறுவனம் 2013இல், ஓராண்டுக்குமேல் பயன்படாத முகவரிகளை மீட்டு வேறு நபர்களுக்கு வழங்கத் தொடங்கியது. கூகிள், ஈராண்டுகள் புழங்காத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை 2023இல் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. ஆக, ஒரு பூட்டின் சாவி இன்னொரு பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியும் நாம் அடிக்கடி திறந்து பார்க்காவிட்டால் காணாமல் போய்விடும்.

2023 ஜூலையில் யூபிஸாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையும் இதையொட்டியதே. நெடுநாள் பயன்படாத கணக்கு மூடப்படும், முப்பது நாளுக்குள் உள்நுழைந்தால் தடுக்கலாம் என்ற மின்னஞ்சலின் படம் இணையத்தில் பரவியது. வாங்கிய விளையாட்டுகளும் போய்விடுமா என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். நான்காண்டுகளுக்குக் குறைவாகச் செயலற்றிருந்த எந்தக் கணக்கையும் தான் நீக்கியதில்லை என்றும், கணினி விளையாட்டுகள் வாங்கப்பட்ட கணக்குகள் நீக்கத்துக்கு உரியவை அல்ல என்றும் நிறுவனம் விளக்கமளித்தது. விளக்கம் நல்லதே. ஆயினும், வாங்கியவரின் உரிமை சட்டத்திலிருந்து வராமல் நிறுவனத்தின் நல்லெண்ணத்திலிருந்து வருகிறது என்பதை அந்த விளக்கமே ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் 'த க்ரூ' என்ற விளையாட்டின் வழங்கிகளை மார்ச் 31 அன்று நிறுத்தியது. பின்னர் வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்து உரிமத்தையும் விலக்கியது. மறவாமல் தினமும் வந்து ஆடியவர்களையும் அது காப்பாற்றவில்லை.

நிறுவனங்களின் தரப்பையும் நாம் நேர்மையாகக் கேட்டாக வேண்டும். புழங்காத கணக்கு திருடர்களுக்கு எளிய இரை. கைவிடப்பட்ட கணக்குகளில் இருபடிச் சரிபார்ப்பு இருக்கும் வாய்ப்பு, செயலில் உள்ளவற்றைவிடப் பத்து மடங்கேனும் குறைவு என்று கூகிள் தன் உள்ளாய்வை மேற்கோள் காட்டியது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, ஒருவரின் சொந்தத் தகவலைத் தேவைக்கு மேற்பட்ட காலம் வைத்திருக்கக் கூடாது என்கிறது. நம்மைப் பற்றிய தகவலை மறந்துவிடு என்று நாமே கேட்டோம். மறக்கும்போது நாம் வாங்கியதையும் சேர்த்து மறந்துவிடுகிறார்கள். ஆளின் விவரமும் அவரது உடைமையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டதால் வந்த சிக்கல் இது.

ஆனால் இது தீர்வில்லாத சிக்கலா என்றால், இல்லை என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. வங்கிக் கணக்கு பல ஆண்டுகள் செயலற்றுப்போனால் வங்கி அந்தப் பணத்தை விழுங்கிவிட முடியாது. உரிமை கோரப்படாத சொத்து என்று மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் உரியவரோ வாரிசோ எத்தனை ஆண்டு கழித்து வந்து கேட்டாலும் திருப்பித் தரப்படும். பணத்தைப் பொறுத்தவரை மறதி குற்றமாகாது என்று சட்டம் ஏற்கிறது. அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கு அந்தப் பரிவு கிட்டவில்லை. விற்பனை என்று சொல்லி வாங்கிய விலையை உரிமம் என்று சொல்லி விடுவித்துக்கொள்ள முடிகிறது.

ஐரோப்பிய நீதிமன்றங்கள் இக்கேள்வியில் முன்னும் பின்னுமாக நடந்திருக்கின்றன. காலவரையற்ற உரிமத்தோடு தரவிறக்கப்பட்ட மென்பொருள் விற்கப்பட்டதாகவே கருதப்படும் என்று 2012இல் ஆரக்கிள் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. 1908இன் எதிரொலி அதில் கேட்டது. ஆனால் 2019 டிசம்பரில் மின்னூல்களுக்கு அது பொருந்தாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்டீமில் வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்யலாம் என்று 2019இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று சொன்னது. 2022இல் மேல்முறையீட்டில் அதுவும் கவிழ்ந்தது.

சொல்லைத் திருத்தும் முயற்சி கலிஃபோர்னியாவில் நடந்தது. 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்த சட்டம், கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பண்டங்களுக்கு 'வாங்கு' என்ற பொத்தானை வைக்கக் கூடாது என்கிறது. இணையத் தொடர்பின்றிப் பயன்படுத்துமாறு நிரந்தரமாகத் தரவிறக்கிக்கொள்ளக் கூடியவற்றுக்கு விலக்கு உண்டு. போலந்தின் ஜிஓஜி அங்காடி 2008 முதல் அத்தகைய பூட்டற்ற கோப்புகளைத்தான் விற்றுவருகிறது. கோப்பைச் சேமித்துக்கொண்டவருக்குக் கணக்கின் ஆயுளைப் பற்றிக் கவலையில்லை. விற்ற விளையாட்டுகளைச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

விளையாட்டுத்தானே என்று இலக்கிய வாசகர்கள் ஒதுங்கிப் போக இயலாது. 2009 ஜூலையில் அமேசான், ஆர்வெல்லின் '1984' நூலின் ஒரு பதிப்பை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. 2019இல் மைக்ரோஸாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் அனைத்தும் மறைந்தன. அந்த இரு தருணங்களிலும் பணமாவது திரும்பி வந்தது. கணக்கு உறங்கிப்போனவருக்கு அதுவும் இல்லை.

தேவைப்படுவது பெரிய புரட்சி அன்று. ஆளின் விவரத்தை அழிக்கட்டும். வாங்கியதற்கான சான்று ஒன்றை வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டு அழிக்கட்டும். பெயரற்ற ஒரு சாவி, அச்சிட்டு டைரிக்குள் செருகி வைக்கத்தக்க ஒரு சீட்டு போதும். முப்பது ஆண்டுகள் கழித்து மகளோ பேரனோ அந்தச் சீட்டோடு வந்தால் கதவு திறக்க வேண்டும். ஒரு டாலர் நாவலுக்கு அமெரிக்க நீதிமன்றம் 1908இல் தந்த மரியாதை அதற்கு மேற்பட்டதன்று.