வன்னியில் வானலை வாங்கிய கருவிகள்



பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், புதுக்குடியிருப்பைக் கடந்து, வட்டுவாகல் பாலத்தை அடைவதற்கு முன்னர் வருவது முள்ளிவாய்க்கால். ஒரு புறம் வங்கக்கடல். மறுபுறம் நந்திக்கடல் களப்பு. இடையே ஒடுங்கிய மணல் நிலம். அங்குள்ள வீடொன்றின் முற்றத்தில் இந்தியத் தூரதர்சனின் இலவச ஒளிபரப்பைப் பெறுவதற்கென ஒரு வட்டத் தட்டு நிறுத்தப்படுமாயின், அது எத்திசையை நோக்கி நிற்கும் என்பதை அவ்வீட்டைக் காணாமலே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். தென்கிழக்கே முல்லைத்தீவு நகரின் பக்கமாக முகங்காட்டி, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 72 பாகை உயரத்திலுள்ள வானத்தை அது பார்த்திருக்கும். கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதியிலிருந்து அவ்வலைகள் வந்து இறங்குகின்றன.

வேண்டிய பொருட்கள் சிலவே. அறுபது முதல் தொண்ணூறு சென்ரிமீற்றர் வரை குறுக்களவுள்ள தட்டு. அதன் குவியத்தில் பொருத்தும் எல்.என்.பி. எனப்படும் சிறு கொம்பு, அங்கிருந்து வீட்டினுள் வரும் கம்பி, எண்முறைக் குறிகளைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தரும் பெட்டி, இறுதியில் தொலைக்காட்சி. மாதக் கட்டணம் இல்லை. ஆகவே அதனை இலவசத் தொலைக்காட்சி என்கிறோம். ஆயினும் இந்த ‘இலவசம்’ என்னும் சொல் வானத்திலிருந்து வாசல் வரைக்குமே செல்லுபடியாவது. வாசலிலிருந்து வீட்டினுள் வருவதற்கான செலவை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும். வன்னியின் ஒலிபரப்பு வரலாறு முழுவதும் அந்தச் சில முழத் தூரத்தின் வரலாறே எனலாம்.

கொழும்பில் வானொலி முறையாகத் தொடங்கியது 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆம் நாள். தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேட் ஹார்ப்பரின் முயற்சியால் எழுந்த அந்நிலையத்தை ஆளுநர் சேர் ஹியூ கிளிபோட் தொடக்கி வைத்தார். அக்காலத்து எளிய கருவி ஸ்படிகப் பெட்டி. ஒரு சிறு கனிமத் துண்டு, ஒரு கம்பிச் சுருள், காதில் மாட்டும் ஒலிக்கருவி ஆகியவற்றுடன் அது வேலை செய்தது, மின்சாரம் வேண்டியதில்லை. இதைவிடச் சிக்கனமான கருவி பின்னர் தோன்றவேயில்லை. எனினும் அதன் திறன் ஒலிபரப்பு நிலையத்தின் சுற்றுவட்டாரத்துக்கே போதுமானது. கொழும்புக்கும் வன்னிக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தாண்ட வால்வுகள் கொண்ட பெட்டியே வேண்டும்.

வால்வுப் பெட்டியோ உணவு கேட்கும் பிராணி. மின்கம்பி எட்டாத ஊர்களில் அதற்கு இரண்டு பற்றரிகள் தேவைப்பட்டன: வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ற்றில் ஒன்று, மின்னோட்டத்தைச் செலுத்தத் தொண்ணூறு வோல்ற்றில் மற்றொன்று. வெளியே இரு கம்பங்களுக்கிடையே நீண்ட ஏரியல் கம்பி, ஈர மண்ணில் புதைத்த நிலக்கம்பி, ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய அனுமதிப்பத்திரக் கட்டணம் ஆகியன தனி. இத்துன்பம் வன்னிக்கு மட்டும் உரியதன்று. ஆபிரிக்காவில், அன்றைய வட ரொடீசியாவில், ஹரி பிராங்கிளின் என்னும் தகவல் அதிகாரியின் தூண்டுதலால் 1949 அளவில் சமையற் பாத்திரத்தின் அலுமினிய வடிவில் ஒரு மலிவுப் பெட்டி ஆக்கப்பட்டது. பெட்டியின் விலை ஐந்து பவுண். அதன் பற்றரி ஏறத்தாழ முந்நூறு மணித்தியாலம் உழைத்து ஓய்ந்துவிடும். பெட்டியை ஒரு முறை வாங்கினால் போதும். பற்றரியை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 1954 இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த டிரான்சிஸ்டர் வானொலியே இந்தச் சுமையைக் குறைத்தது. கையளவு பெட்டியும் சில சிறு பற்றரிகளும் குடிசைகளினுள்ளும் வானொலியைக் கொண்டு சென்றன.

தொலைக்காட்சி வந்தபோது மீண்டும் கம்பம் நட வேண்டியதாயிற்று. இலங்கை ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மை அஞ்சல் நிலையம் நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையில் அமைந்தது. வன்னியில் மலையில்லை, எனவே மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, கண்டி நெடுஞ்சாலையோரம், கொக்காவிலில் ஓர் அஞ்சற் கோபுரம் எழுந்தது. யாழ்ப்பாணத்தாரோ அக்காலத்தில் உயரமான இரும்புக் குழாய்களின் உச்சியில் அன்ரனாக்களைக் கட்டித் தமிழகத்துத் தூரதர்சனையும் வருவித்தனர். மீன்முள் போன்று தோன்றும் அந்த அன்ரனா 1926 இல் ஜப்பானின் தொஹொக்கு பல்கலைக்கழகத்தில் ஊடா, யாகி என்னும் இருவரது ஆய்வில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், அங்கே கிடைத்த பிரித்தானியக் குறிப்பேடொன்றில் ‘யாகி’ என்ற சொல்லைக் கண்டு ஜப்பானியப் படையினர் பொருள் விளங்காது திகைத்தனராம். அது அவர்களுடைய நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் பெயர் என்று சொல்லிக் கொடுத்தவர் பிரித்தானியக் கைதி! அறிஞரை அயலார் அறிந்த அளவு சொந்த ஊரார் அறியாமை எங்கும் உள்ளதுதான் போலும்.

1990 ஜூலையில் கொக்காவில் இராணுவ முகாம் வீழ்ந்தது. அஞ்சற் கோபுரமும் அழிந்தது. வன்னிக்குப் பொது மின்சாரமும் இல்லாது போயிற்று. பற்றரிகள் அரசின் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. வானலை வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. அதனை வாங்கும் கருவிக்கு உயிர் இல்லை. அவ்வேளையில் கைகொடுத்தது சைக்கிள். முன்விளக்குக்கெனப் பொருத்தப்படும் சிறு டைனமோ ஆறு வோல்ற்றில் மூன்று வாற்று அளவு தரக்கூடியது. அதிலிருந்து வருவது திசைமாறும் மின்னோட்டம். வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். ஆகவே டையோட் என்னும் உறுப்பால் அதனை ஒருவழிப்படுத்தி, மின்தேக்கியொன்றால் சீராக்கினர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் கையால் மிதியைச் சுழற்ற, மற்றவர்கள் பெட்டியைச் சூழ்ந்திருந்து செய்தி கேட்டனர். சுழற்றுபவர் களைத்தால் வாசிப்பவரின் குரலும் தளர்ந்துவிடும். 1941 முதல் 2017 வரை ஒலித்த பி.பி.சி. தமிழோசையை அந்நாட்களில் வடபகுதியார் கேட்டது பெரும்பாலும் இவ்வாறே. ஒலிபரப்பு வரலாற்று நூல்கள் நிலையங்களையும் பணிப்பாளர்களையும் பேசுகின்றன. மிதியைச் சுழற்றிய கைக்கு அவற்றில் ஓர் அத்தியாயம் இல்லை. இது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்ற இடம் முள்ளிவாய்க்கால். அக்கடற்கரையில் ஒடுங்கியிருந்த மக்களில் பெருந்தொகையினர் உயிரிழந்தனர். எஞ்சியோர் உடைமைகளை விட்டு வெளியேறினர். விடப்பட்டவற்றுள் சைக்கிள்களும் குவிந்து கிடந்தன. அதே ஆண்டு ஜூன் 12 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கா தனது பழைய முறைத் தொலைக்காட்சியை நிறுத்தி எண்முறைக்கு மாறியது. முன்னர் குறித்த நாள் பெப்ரவரி 17. எண்முறைப் பெட்டி வாங்க வீடுகளுக்கு அரசு வழங்கிய நாற்பது டொலர்ச் சீட்டுக்கான நிதி தீர்ந்து, பலர் காத்திருக்க நேர்ந்ததால், நாளையே தள்ளி வைத்தனர்.

கொக்காவிலில் புதிய கோபுரம் 2011 ஜூன் 6 இல் திறக்கப்பட்டது. அதன் உயரம் 174 மீற்றர். அத்தகைய கோபுரத்திலிருந்து, பத்து மீற்றர்க் கம்பத்திலுள்ள அன்ரனாவுக்குச் சமநிலத்தில் 65 கிலோமீற்றருக்கு மேலும் அலை எட்டும். முள்ளிவாய்க்கால் அங்கிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவிலேயே உள்ளது.

2014 இல் இலங்கை, ஐ.எஸ்.டி.பி-ரி எனப்படும் ஜப்பானிய எண்முறையைத் தரைவழித் தொலைக்காட்சிக்கெனத் தேர்ந்தது. மாற்றம் இன்னும் நிறைவுறவில்லை. அது நிறைவுறும் நாளில் கூரைமேலுள்ள மீன்முள் அன்ரனா பெரும்பாலும் பயன்படும். உள்ளேதான் புதிய பெட்டி வேண்டும். பழைய முறையில் அலை மெலிந்தால் படத்தில் புள்ளிகள் விழும், பொறுத்துக்கொண்டு பார்க்கலாம். எண்முறையில் அலை ஓர் அளவுக்குக் கீழே மெலிந்தால் படமும் ஒலியும் ஒருங்கே மறையும். அரைகுறையாகப் பெறுவது என்பது அங்கில்லை.

தட்டு இருக்கையில் இது எதற்கு என்று கேட்பார் உண்டு. தூரதர்சனின் அந்த இலவசச் செய்மதிச் சேவை தொடங்கியது 2004 டிசெம்பர் 16. பத்தே நாட்களில், டிசெம்பர் 26 காலையில், ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. முன்னறிவிப்பு எதுவும் கரையை எட்டவில்லை. ஜப்பானிய எண்முறையில் அபாய அறிவிப்புக்கென ஒரு குறி ஒளிபரப்பிலேயே கலந்து வரும். அதற்கென ஆக்கப்பட்ட பெட்டி, துயில்நிலையில் இருந்தாலும் அக்குறியைக் கண்டு விழித்துக்கொள்ளும். அயல்நாட்டுச் செய்மதியோ முல்லைத்தீவுக்கென எச்சரிக்கை விடுக்காது. மேலும் அதன் அலைநீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவே ஆதலால், மாரிகாலத்துப் பெருமழையில் அது தேய்ந்து போகும். புயல் வருகின்ற வேளையில்தான் தட்டு குருடாகிறது. தரைவழி அலை அரை மீற்றர் அளவு நீளமுடையது. மழை அதனைப் பெரிதும் தடுப்பதில்லை.

ஜப்பான் 2011 ஜூலை 24 இல் பழைய முறையை நிறுத்தியது. ஆயினும் அவ்வாண்டு மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிய இவாத்தே, மியாகி, புக்குஷிமா ஆகிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை தவணை தந்தது. நாடெங்கும் வறிய குடும்பங்களுக்கு இலவசமாகவே பெட்டி வழங்கியது. வீடிழந்தவரிடம் புதுப் பெட்டி வாங்கச் சொல்லலாகாது என அங்கே உணர்ந்தனர். நம் நாட்டில் நாள் குறிக்கும்போது முல்லைத்தீவுக் கரைக்கும் அத்தகைய தவணையும் பெட்டியும் கேட்பது மிகையாகாது.

மின்சாரக் கணக்கு ஒன்று எஞ்சியிருக்கிறது. சிறிய தொலைக்காட்சியும் பெட்டியும் சேர்ந்து முப்பது வாற்று அளவு கேட்கும். கூரையில் ஒரு சூரியத் தகடும் உள்ளே பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியும் இருந்தால், புயல் மின்கம்பத்தைச் சாய்த்த இரவிலும் அதனை இயக்கலாம். மூன்று வாற்று டைனமோவால் அது இயலாது. அந்த டைனமோ இன்றைக்கும் ஒரு சிறு வானொலியைப் பேசவைக்கும்.