வீட்டு வண்டிப் பயணத்தில் நாய்க் காப்பு

வீட்டு வண்டிப் பயணத்தில் நாய்க் காப்பு என்பது, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த வண்டியில் விடுமுறைக்குச் செல்லும் குடும்பத்தினர், உடன் வரும் நாயை வெப்பம், மோதல், நோய், வழிதவறல் ஆகியவற்றிலிருந்து காக்கும் முறைகளைக் குறிக்கும். இத்தகைய வண்டியைக் குறிக்கும் கேரவன் என்ற சொல்லைத் தமிழர் பலரும் திரைப்பட நடிகர்களின் ஓய்வு வண்டியோடு சேர்த்தே அறிவர். இங்குக் கருதப்படுவது, காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் கேரவனும், வேனையே வீடாக மாற்றியமைத்த கேம்பர்வேனும் ஆகும்.

இக்காப்பு ஏன் தேவை என்பதற்கு மலேசியாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கு ஈப்போ நகருக்கு வடக்கே, சுங்கை சிப்புட் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் உள்ள செமோரின் சுற்றுப்புறம் ரப்பர்த் தோட்டங்களால் உருவானது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் நாய் பெரும்பாலும் கட்டப்படாமலே வளர்ந்தது. எந்த வீட்டில் சோறு கிடைக்கும், எந்த வழியில் லாரி வரும், எந்தப் புதரில் பாம்பு இருக்கும் என்று அது அறிந்திருந்த இட அறிவே அதற்குக் காவலாக இருந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின்னும் நாயை அவிழ்த்துவிடும் வழக்கம் பல குடும்பங்களில் எஞ்சியுள்ளது. ஆனால் வண்டியேறி அயலிடம் சென்ற நாய்க்கு அந்த அறிவு துணைவராது என்பதால், அந்த இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு முழுவதும் மனிதரைச் சேர்கிறது.

இடர்களுள் மிகக் கொடியது, நிறுத்திய வண்டிக்குள் சேரும் வெப்பமே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் நின்ற காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் உயர்ந்ததும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறியதும், சன்னலைச் சிறிது திறந்துவைத்ததால் பெரும் பயன் விளையாததும் தெரியவந்தன. நண்பகலில் 32 பாகையைத் தொடும், ஈப்போ அமைந்த கிந்தா பள்ளத்தாக்கில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நாய் மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, ஈரம் ஆவியாவதன் வழியே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது என்பதால், காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த நாட்டில் அந்த வழியும் பாதி அடைபடுகிறது. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை வரை இருக்க, 41 பாகையைக் கடந்தால் உறுப்புகள் சிதையத் தொடங்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் மற்றவற்றைவிட விரைவில் வீழும். குளிர்சாதனம் ஓடுகிறது என்று நம்பிப் பூட்டிச் செல்வதும் தகாது, மின்சாரம் நின்றால் வண்டி அடுப்பாகிவிடும். வெப்பத்தாக்கு கண்ட நாயை நிழலுக்குக் கொண்டுசென்று, குழாய்நீரை உடலெங்கும் ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். நாயைக் காப்பது சட்டக் கடமையும் ஆகும்: மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கை வதைப்போருக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை தண்டமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

ஓடும் வண்டியில் நாயை மார்புவாரோடு இருக்கைப் பட்டையில் பிணைப்பதோ, நகராதபடி கட்டிய கூண்டில் வைப்பதோ முறையாகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும் என்பதை எண்ணினால், மடியில் வைத்துக்கொள்வது அன்பாகாது. இழுவைக் கேரவனுக்குள் நாயைத் தனியே விடுதலும் கூடாது. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் வாந்தி வருவதைத் தவிர்க்க, புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்துவர்.

வழிதவறல் பெரும்பாலும் கதவு திறக்கும் நொடியில் நேர்கிறது. கதவைத் திறக்கும் முன் வாரை மாட்டும் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும் பழக்குதல், பூட்டையும் வேலியையும்விடப் பயன் தருவதாகும். தோலுக்கடியில் செலுத்தப்படும் மைக்ரோசிப், எண்ணை மட்டுமே தாங்கும் அரிசியளவுச் சில்லு. அது இருப்பிடத்தைக் காட்டாது. அந்த எண்ணோடு பதிந்த தொலைபேசி எண் பழையதாக இருந்தால் சில்லு பயன்படாது. ஊராட்சி மன்றம் வழங்கும் உரிம வில்லையும் பெயர்த்தகடும் கழுத்தில் இருப்பது, தெருநாய் என்று பிடிபடாமலிருக்க உதவும்.

உலு செப்போர் போன்ற அருவிக்கரைகளில், எலிகளின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கும், புல்லில் ஒட்டும் உண்ணிகள் கடத்தும் இரத்த நோய்களுக்கும் நாய் ஆளாகக்கூடும். தடுப்பூசியும் உண்ணி மருந்தும் பயணத்துக்கு முன்பே கொடுக்கப்பட வேண்டும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதால், வடக்கே செல்வோர் அதற்கான தடுப்பூசிச் சான்றையும் உடன் வைத்திருப்பதோடு, நாயைக் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு உண்டா என்று கால்நடைச் சேவைத் துறையிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

இஸ்லாமிய வழக்கில் நாயின் எச்சிலும் ஈர உடலும் பட்ட இடத்தை ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருப்பதால், நெடுஞ்சாலை ஓய்விடங்களின் உணவுப் பகுதிக்கும் தொழுகை அறைக்கும் அருகே நாயைக் கொண்டுசெல்லாமல் வண்டியின் மறுபக்கப் புல்வெளியில் குட்டையான வாரில் நடத்துவதும், கழிவைப் பையில் எடுத்துவிடுவதும், பயணம் செய்யும் குடும்பத்தோடு நாயையும் அயலார் பொறுத்துக்கொள்ள வழிசெய்கின்றன.