பழைய கணினியும் 64 மெகாபைற்று எல்லையும்

கணினியின் வேகம் செயலியொன்றினால் மட்டும் அமைவதன்று. நினைவகமும், அதனைச் செயலியோடு இணைக்கும் தாய்ப்பலகையும் ஒத்தியங்கினாலன்றிச் செயலியின் ஆற்றல் வெளிப்படாது. சென்ற நூற்றாண்டின் இறுதியிலே வழங்கிய பென்ரியம் கணினிகளின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

காலப்போக்கில் செயலியின் வேகம் நினைவகத்தின் வேகத்தைக் கடந்து சென்றது. செயலி வீணே காத்திராவண்ணம், சிறியதும் விரைவானதுமான பதுக்கு நினைவகம் இடையிலே வைக்கப்பட்டது. பென்ரியம் காலத்திலே அது பெரும்பாலும் தாய்ப்பலகையில் 256 அல்லது 512 கிலோபைற்று அளவிலே அமைந்திருந்தது. அடிக்கடி வேண்டப்படுவனவற்றின் படிகள் அதிலே தங்கும். ஒவ்வொரு படியும் பெரிய நினைவகத்தின் எப்பகுதிக்குரியதென்பதைக் காட்ட ஓர் அடையாளக் குறிப்பும் வேண்டும். அக்குறிப்பு எத்துணை நீளமோ, அத்துணைத் தூரமே பதுக்கின் பயன் எட்டும்.

இன்ரெல் நிறுவனம் 1996இல் வெளியிட்ட 430 எச்.எக்ஸ். சில்லுத் தொகுதி, மேலதிக அடையாளச் சில்லு பொருத்தப்பெற்றால் 512 மெகாபைற்று வரை பதுக்கின் பயனை அளித்தது. 1997இல் வந்த 430 ரி.எக்ஸ். புதியது, விரைவான புதுவகை நினைவகத்தையும் ஏற்றது. 256 மெகாபைற்று நினைவகத்தை அது தாங்குமாயினும், அதன் பதுக்கு முதல் 64 மெகாபைற்றுக்கு அப்பால் எட்டவில்லை.

இதனால் நேர்ந்தது யாது? விண்டோஸ் 95 நினைவகத்தை மேல் முகவரியிலிருந்து கீழ்நோக்கிப் பயன்படுத்தும் இயல்புடையது. ஆகவே, 64 மெகாபைற்றை 128 ஆகப் பெருக்கிய ரி.எக்ஸ். கணினியிலே, இடையறாது வேண்டப்படும் பகுதிகளே பதுக்கு எட்டாத இடத்திற் போய் அமர்ந்தன. பணங் கொடுத்து நினைவகம் சேர்த்தவர், சிறு வேலைகளிலே முன்னையிலும் மந்தத்தையே கண்டனர்.

எனினும் மேலதிக நினைவகம் எல்லார்க்கும் வீண் என்று கொள்ளலாகாது. பெரும் படங்களைக் கையாள்வோர்க்கு 64 மெகாபைற்று போதாதபோது, கணினி வன்றட்டை நாட நேரும். வன்றட்டோ, பதுக்கற்ற நினைவகத்திலும் பன்மடங்கு மந்தமானது. அன்னார்க்கு அந்நினைவகம் பேருதவியே. 1997இல் வந்த பென்ரியம் 2 செயலியிலே பதுக்கு தாய்ப்பலகையை விட்டுச் செயலியின் உறைக்குள் இடம்பெயர்ந்தது. ரி.எக்ஸ். பலகையின் அவ்வெல்லையும் அத்துடன் நீங்கிற்று.

பழைய கணினிகளைத் திருத்தி மீண்டும் பயன்படுத்த முனையும் இளைஞர்கள், கடைக்குச் செல்லுமுன் தாய்ப்பலகையின் கைந்நூலைப் படித்தல் வேண்டும். எவ்வளவு நினைவகம் ஏற்கும் என்பது ஒன்று. எவ்வளவை விரைந்து ஆளும் என்பது வேறொன்று. விரலுக்குத் தக்க வீக்கமே நன்று என்னும் முதியோர் வாக்கு இயந்திரத்துக்கும் பொருந்துவதேயாம்.