களிமண்ணில் ஒளித்த பெயர்

வரிகளின் முதலெழுத்தைக் கோத்துப் பெயர் எழுதுவதற்கு, நாங்கள் படித்த பிரெஞ்சில் 'அக்ரோஸ்திஷ்' என்பார்கள். சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பாபிலோனியப் புலவர் இதைச் செய்திருக்கிறார்.

'பாபிலோனிய தியோடிசி' என்று இன்று ஆய்வாளர்கள் அழைக்கும் அந்நூலில் 27 செய்யுள்கள். ஒவ்வொன்றிலும் 11 வரிகள். பதினொன்றும் ஒரே குறியில் தொடங்கும். ஆப்பெழுத்தில் ஒரு குறிக்கே பல ஒலிகள் உண்டு. ஆகவே வெவ்வேறு ஒலியில் தொடங்கும் சொற்களையும் ஒரே குறியால் எழுத முடிந்தது.

நல்லவன் வாட, தீயவன் வாழ்வதேன் என்று துன்பப்படும் ஒருவன் நண்பனிடம் வழக்காடுகிறான். முதற்குறிகளைக் கோத்தாலோ, புலவர் சக்கில்-கீனம்-உப்பிப் தம் பெயரைச் சொல்லி, தெய்வத்தையும் அரசனையும் தொழுபவன் தான் என்கிறார்.

வழக்கு காதுக்கு, வணக்கம் கண்ணுக்கு. பிறர் வாசிக்கக் கேட்டவருக்கு அது எட்டாது. களிமண் பலகையைப் பார்த்தவருக்கே தெரியும்.