இட்டேரி வைத்த தேர்வு

கொங்கு நாட்டில் ஒருவர், "காட்டுக்குப் போய் வருகிறேன்" என்று சொன்னால் அவர் வேட்டைக்குப் புறப்பட்டார் என்று வெளியூரார் எண்ணிவிடக் கூடாது. இங்கே காடு என்பது மானாவாரி நிலம். சோளமும் கம்பும் எள்ளும் விளையும் அக்காடுகளுக்கு ஊரிலிருந்து செல்லும் வழிக்கு இட்டேரி என்று பெயர். இரு மருங்கிலும் கிளுவையும் கள்ளியும் அடர்ந்த உயிர்வேலி, நடுவே ஒரு மாட்டு வண்டி செல்லும் அகலம், அவ்வளவே இட்டேரி. கோடையில் முழங்காலளவு புழுதி பறக்கும். ஐப்பசி மழையில் அதுவே ஓடையாகிவிடும்.

மாணவ நண்பர்களே, சாலையில்லாத இடத்தில் மோட்டார் வண்டி எவ்வளவு தூரம் செல்ல வல்லது என்பதை மனிதர் அளந்தறிந்த வரலாறே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். எஸ்.யு.வி. என்றும் கிராஸ்ஓவர் என்றும் வழங்கும் உயர்ந்த வண்டிகள் இன்று நம் தெருக்களில் நிறைந்திருக்கின்றன. அவற்றின் கதையைப் போர்க்கால அமெரிக்காவிலிருந்து தொடங்குவதே வழக்கம். நான் இட்டேரியிலிருந்து தொடங்குகிறேன். அவ்வண்டிகளுக்குப் பிற்காலத்தில் வைக்கப்பட்ட தேர்வுகளில் பெரும்பாலானவற்றை இட்டேரி முன்னரே மாட்டு வண்டிக்கு வைத்துவிட்டது என்பதே காரணம்.

பல தலைமுறை வண்டிகள் ஓடிய இட்டேரியில் இரண்டு தடங்கள் ஆழமாகப் பதிந்திருக்கும். அவற்றிற்கு இடையே மண் முதுகுபோல மேடிட்டு நிற்கும்; அதன்மேல் புல்லும் முளைத்திருக்கும். நம் நாட்டு மாட்டு வண்டிக்கு அம்மேடு ஒரு பொருட்டன்று. ஏறத்தாழ ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்திற்கு அச்சு இரண்டரை அடி உயரத்தில் இருக்கும் அல்லவா? மேட்டில் இடிக்க அங்கே எதுவுமில்லை. மோட்டார் வண்டியின் நிலை வேறு. அதன் சக்கரம் சிறியது. அச்சோ இன்னும் தாழ்ந்தது. அச்சின் நடுவே பற்சக்கரங்களை அடக்கிய பெட்டி ஒன்று தொங்குகிறது. தடத்தில் சக்கரம் இறங்கியதும் அப்பெட்டி மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு எஞ்சினில் எத்தனை குதிரைச் சக்தி இருந்தும் பயனில்லை. சக்கரங்கள் வெறுமனே சுழலும். மேட்டில் ஏறி உட்காராமல் வண்டியின் அடிப்பாகத்திற்கும் மண்ணுக்கும் இடையே இருக்கவேண்டிய இந்த வெளியைத்தான் தரை இடைவெளி என்கிறோம். எஸ்.யு.வி.யை விளம்பரம் செய்வோர் முதலில் சொல்லும் அளவும் இதுவே.

கோவை வட்டாரத்தில் மோட்டார் பஸ் பரவிய நாளில் நல்ல சாலைகள் அதிகமில்லை. கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், 1920-இல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். யு.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனம் அந்த ஒற்றை வண்டியிலிருந்தே வளர்ந்தது. பழுதானால் ஓட்டுநரே பழுது பார்க்க வேண்டும் என்ற நிலைதான் கோவையில் பட்டறைகளைப் பெருக்கியது என்று நான் கருதுகிறேன். கரடுமுரடான பாதை நல்ல ஆசிரியன். ஆனால் அது மதிப்பெண்களை எழுதி வைப்பதில்லை. எந்த வண்டி எங்கே நின்றது, ஏன் நின்றது என்பதை முறையாக ஏட்டில் பதிந்து ஒப்பிடும் வேலையைப் பெரிய அளவில் செய்தது போர்தான்.

1940-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கத் தரைப்படை, 135 கம்பெனிகளுக்கு ஓர் அறிவிப்பை அனுப்பியது. நான்கு சக்கரங்களும் இயங்க வேண்டும். எடை 1,300 ராத்தலுக்கு மேற்படக் கூடாது. மாதிரி வண்டியை 49 நாட்களில் கொடுக்க வேண்டும். இவை அதன் நிபந்தனைகளுள் சில. அத்தனை கம்பெனிகளில் அக்கறையோடு முன்வந்தவை பாண்டம், வில்லிஸ் என்ற இரண்டே. சிறிய கம்பெனியாகிய பாண்டம், கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கொண்டு வரைபடம் தயாரித்து, செப்டம்பர் 23-ஆம் நாள் மாலை, கெடு முடியும் தறுவாயில், மேரிலாந்திலுள்ள ஹோலாபர்ட் முகாமில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது.

அம்முகாமில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வண்டியைப் பாராட்டுவது அங்கிருந்தவர்களின் நோக்கமன்று; அதை உடைத்துப் பார்ப்பதே நோக்கம். சேற்றிலும் மணலிலும் மேடு பள்ளங்களிலும் 3,400 மைலுக்கு மேல் ஓட்டினார்கள். அதில் செப்பனிட்ட சாலை 250 மைலுக்கும் குறைவு. எந்த உறுப்பு எத்தனையாவது மைலில் முறிந்தது என்று குறித்துக்கொண்டே சென்றார்கள். 1,300 ராத்தல் என்ற எடை வரம்பு நடவாத காரியம் என்பதும் தெளிந்தது. பின்னர் வில்லிஸும் போர்டும் தத்தம் மாதிரிகளோடு வந்தன. எடை வரம்பு 2,160 ராத்தலாக உயர்ந்தது. வலிய எஞ்சினால் பாரம் மிகுந்த வில்லிஸ் வண்டியை அவ்வரம்புக்குள் அடக்குவதற்காக, மரையாணிகளின் நீளத்தையும் பூச்சின் கனத்தையும்கூடக் குறைத்தார்கள் என்று அதன் வரலாறு கூறும். இவ்வாறு உருவானதே உலகெங்கும் ஜீப் எனப் பெயர் பெற்றது. அதன் தரை இடைவெளி ஒன்பது அங்குலத்திற்கும் சற்றுக் குறைவு. நம் வண்டியின் இரண்டரை அடியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து மகிழ விரும்புவோர் மகிழலாம். ஆனால் ஜீப்பின் வேகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின்னைய ஆண்டுகளில் மகிந்திரா நிறுவனம் அந்த ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அச்சாலையைவிட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்தால், கல்லும் களிமண்ணுமான வழிகளே. தமிழ்நாட்டில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றாகிய சின்னக்கல்லாறும் அங்கேதான் இருக்கிறது. அத்தகைய மலைத் தோட்டங்களில் நோயாளியும் தேயிலை மூட்டையும் சம்பளப் பணமும் ஒரே ஜீப்பில் ஏறி இறங்கிய காலம் நெடுங்காலம்.

இனி, அளவுகளுக்கு வருவோம். வண்டியின் முகப்பு எவ்வளவு செங்குத்தான மேட்டை இடிக்காமல் அணுகும்? ஏறி இறங்கும்போது பின்பகுதி எந்தச் சரிவில் தட்டும்? மேட்டின் உச்சியில் வயிறு மாட்டிக்கொள்ளாமல் கடக்குமா? இம்மூன்றுக்கும் மூன்று கோணங்கள் வகுத்தார்கள். ஒரு வண்டியைச் சாலையற்ற இடத்துக்குரியது என ஏற்க ஐரோப்பிய நாடுகள் விதித்த விதியில், முன்கோணம் 25 பாகை, பின்கோணம் 20 பாகை, நடுக்கோணம் 20 பாகை. அச்சுகளின் கீழ் இடைவெளி 180 மில்லிமீட்டர், அச்சுகளுக்கு இடையே 200 மில்லிமீட்டர். இந்த ஆறில் ஐந்தாவது தேற வேண்டும். முன்னும் பின்னும் ஒரே காலத்தில் இயங்கும் அச்சுகளும், குறிப்பிட்ட விகிதச் சரிவை ஏறும் வலிமையும் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டில் வரி விதிப்பதற்கும் இத்தகைய அளவு ஒன்று தேவைப்பட்டது. கூடுதல் வரிக்குரிய எஸ்.யு.வி. எது என்று 2022 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் வரையறுத்தபோது, எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல், தரை இடைவெளி 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றது. அந்த இடைவெளியை எப்போது அளப்பது என்ற வழக்கு அடுத்து எழுந்தது. பாரமில்லாத வண்டியில்தான் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் மன்றம் தெளிவுபடுத்தியது. வரிக்கு அது போதும். இட்டேரி அப்படி அளப்பதில்லை. ஐந்து பேரும் இரண்டு நெல் மூட்டையும் ஏறி, வில்கள் அமுங்கிய பிறகே அது தன் அளவுகோலை எடுக்கிறது.

கோணங்களும் இடைவெளிகளும் வண்டியைப் பற்றியவை. மண்ணைப் பற்றி யார் கேட்பது? போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பெக்கர் என்ற அறிஞர் கேட்டார். 1956-இல் வெளிவந்த அவரது நூல், சக்கரத்திற்கும் மண்ணுக்கும் உள்ள உறவைக் கணிதத்தால் ஆராய்ந்தது. 1971-இல் சந்திரனில் ஓடிய வண்டியின் சக்கரங்களுக்கும் அவர் ஆராய்ச்சி உதவியது. அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள் கூம்பு முனையுள்ள ஓர் இரும்புக் கோலை மண்ணில் அழுத்தி, அது காட்டும் எதிர்ப்பை எண்ணாகக் குறித்து, இந்த மண் இத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்லும் முறையைக் கண்டார்கள். குதிகாலால் நிலத்தை அழுத்திப் பார்த்து, "இன்று ஏர் பூட்டலாம், நாளை ஆகாது" என்று சொல்லும் நம் உழவர் செய்வதும் அடிப்படையில் அதுவே.

உடுமலை, பல்லடம் பக்கங்களில் செம்மண்ணும் கரிசலும் மாறி மாறி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணற்பாங்கான தரையில் பாரம் கூடினால் சக்கரத்தின் பிடிப்பும் கூடும். குழைந்த கரிசலில் பிடிப்பு அவ்வளவாகக் கூடாது, அமிழ்வுதான் கூடும். மேலும் கரிசல், டயரின் வரிப்பள்ளங்களில் அப்பிக்கொண்டு அதை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். செம்மண் இட்டேரியில் தேறிய வண்டி, அரை மைல் தள்ளிக் கரிசலில் தோற்பதன் காரணம் இதுதான்.

இதை நான் கண்ணால் கண்டேன். நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய கிராஸ்ஓவரில், மழை விட்ட மறுநாள், அவரது காட்டைப் பார்க்கப் போனோம். வண்டி உயரமானது, மேடுகளை எளிதில் கடந்தது. வேலியோரம் கரிசல் சேற்றில் முன்சக்கரம் ஒன்று இறங்கியதும் அது மட்டும் விர்ரென்று சுழன்றது; எதிர்ச்சக்கரம் அசையவே இல்லை. "எஸ்.யு.வி. அல்லவா?" என்று நண்பர் திரும்பத் திரும்பக் கேட்டார். முன்சக்கரங்கள் மட்டுமே இயங்கும் வண்டி அது. இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள டிபரன்ஷியல் என்ற பற்சக்கரக் கூட்டம், வளைவில் திரும்புவதற்கு மிக உதவுவது. ஆனால் ஒரு சக்கரம் பிடிப்பை இழந்தால், அதற்குக் கிடைக்கும் சிறு விசைக்கு மேல் மற்றதற்கும் தராது. ஒரு ஜோடிக் காளைகள் வந்து எங்களை மீட்டன. காளைகளின் சொந்தக்காரர் எதுவும் சொல்லவில்லை, சிரித்தார்.

இக்குறையைச் சோதிக்க இன்று ஒரு முறை உண்டு. சில சக்கரங்களின் கீழ் தடையின்றி உருளும் உருளைகளை வைப்பார்கள். எஞ்சிய சக்கரம் ஒன்றின் பிடிப்பைக் கொண்டே வண்டி வெளியேற வேண்டும். டிபரன்ஷியலைப் பூட்டிவிடும் அமைப்புள்ள வண்டி வெளியேறிவிடும். பூட்டு இல்லாத வண்டிகளில், சுழலும் சக்கரத்தை மட்டும் மின்னணுக் கருவி பிரேக்கிட்டு நிறுத்தி, விசையை மற்றதற்குத் திருப்பும். அது மெச்சத்தக்க சூழ்ச்சியே. ஆயினும் நெடுநேரம் சேற்றில் போராடினால் பிரேக் சூடேறி, கருவி ஓய்வெடுத்துக்கொள்ளக் கூடும்.

சேற்றில் சிக்கினால் நேரம்தான் போகும். நீரில் சிக்கினால் உயிர் போகும். ஆகவே இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சில எஸ்.யு.வி.க்களின் குறிப்பேட்டில் 600, 650 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் என்று எழுதியிருக்கும். அது அசையாத நீர் நிறைந்த, உறுதியான அடித்தளமுள்ள தொட்டியில், மெல்ல ஓட்டிக் கண்ட அளவு. ஓடும் நீர் ஓரடி ஆழம் இருந்தால் பெரும்பாலான கார்களையும், இரண்டடி இருந்தால் எஸ்.யு.வி.யையும் அடித்துச் செல்ல வல்லது என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. இரண்டடி என்பது 610 மில்லிமீட்டர். அதாவது, குறிப்பேடு செல்லலாம் என்று சொல்லும் அதே ஆழம். உடல் பெரிதாகவும் உள்ளே காற்று நிறைந்தும் இருப்பதால் வண்டி மிதக்கத் தொடங்குகிறது. மிதந்தால் சக்கரத்திற்குப் பிடிப்பேது? நொய்யலின் தரைப்பாலங்கள்மீது கலங்கல் நீர் புரளும் நாட்களில், பாலத்தின் கைப்பிடிக் கல் எது, விளிம்பு எது என்பதும் தெரிவதில்லை. அந்நிலையில் நான்கு சக்கர இயக்கம் என்பது வெறும் சொல்.

கோவைக்கு மோட்டார்ப் பந்தயம் புதிதன்று. செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே, வானூர்தி விபத்தில் 1995-இல் மறைந்த பந்தய வீரர் கரிவரதன் அவர்களின் பெயரைத் தாங்கியது. கேத்தனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு நடுவிலுள்ள மண்பாதைகளில் தேசிய ராலிப் போட்டிகள் நடந்திருக்கின்றன. ஆனால் அவை வேகத்தின் தேர்வுகள். மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, சேற்றைக் கடக்கும் தேர்வுக்கென்று மகிந்திரா நிறுவனம் சென்னைக்கு அப்பால் செய்யாற்றில் 454 ஏக்கர் பரப்பில் ஒரு சோதனைக்களம் அமைத்திருக்கிறது. பாறையும் சேறும் மணலும் பள்ளமும் அங்கே அளந்து அமைக்கப்பட்டுள்ளன. நேற்றைய வண்டி ஏறிய அதே மேட்டை இன்றைய வண்டியும் ஏறினால்தானே ஒப்பிட முடியும்? இயற்கையான வழி மழைக்கு மழை மாறிவிடும். ஆய்வாளருக்கு அது ஆகாது.

நாங்கள் சிக்கிய இட்டேரியின் வேலியை ஒரு புறம் வெட்டி அகலப்படுத்தி, இப்போது தார் போட்டுவிட்டார்கள். பால் வண்டியும் பள்ளிக்கூட வேனும் தோட்டத்து வாசல் வரை வருகின்றன. நண்பரின் கிராஸ்ஓவரும் எந்தத் தடையுமின்றிப் போய் வருகிறது. எஞ்சியிருக்கும் மறு பக்கத்துக் கிளுவை வேலியின் கீழ், பழைய வண்டித் தடம் ஒன்று முப்பது கெஜ நீளத்துக்கு இன்னும் தெரிகிறது.